201-ஐ அழுத்தினால் போதும் என்றிருந்த காலம்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் அறுபது, எழுபது வயதைக் கடந்த தமிழர்கள் பலருக்குத் தொலைக்காட்சி என்பது நெடுங்காலம் சில எண்களாகவே இருந்தது. 201 என்றால் அஸ்ட்ரோ வானவில். 211 என்றால் சன் டிவி. ரிமோட்டில் மூன்று பொத்தான்களை அழுத்தினால் தமிழ் பேசும் முகம் திரையில் வந்துவிடும். அதற்கு ஆங்கிலமும் வேண்டாம், மலாயும் வேண்டாம், படிக்கவே தெரிந்திருக்க வேண்டாம். கண் மங்கியவர்கள்கூட விரல் பழக்கத்திலேயே சரியான பொத்தானைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்த வீடுகளில் இப்போது அஸ்ட்ரோவின் கூரைத் தட்டு ஒவ்வொன்றாக இறங்குகிறது. மாதக் கட்டணம் கூடுதலாக இருக்கிறது, வீட்டில்தான் இணையம் இருக்கிறதே என்று பிள்ளைகள் சந்தாவை நிறுத்திவிட்டு, நெட்பிளிக்ஸ், யூடியூப், சன் நெக்ஸ்ட் என்று செயலிகளை ஏற்றித் தருகிறார்கள். ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் டிவி அணைந்தே கிடக்கிறது. "வயசாயிடுச்சு, இனிமே கத்துக்க முடியாது" என்று வீட்டில் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைகளுக்குக் குரல் செய்தி அனுப்பவும், வெளியூர் மகளோடு முகம் பார்த்துப் பேசவும் இதே மூத்தவர்கள்தான் கற்றுக்கொண்டார்கள். டிவியில் தடுமாறுகிறார்கள் என்றால், அங்கே என்ன மாறியது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. இன்று எழுபதைக் கடந்தவர்களில் கணிசமானோர் அப்போது தோட்டப்புறத்துச் சிறுவர் சிறுமியர். லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் தெருவே அங்கே கூடும். அரசு ஒளிபரப்பான ஆர்டிஎம்மில் தமிழுக்குக் கிடைத்தவை செய்தி, அவ்வப்போது ஒரு படம், சில நிகழ்ச்சிகள். பிறகு வீடியோ கேசட் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது குடும்பங்கள் கிள்ளான், காப்பார், ஷா ஆலம், பூச்சோங் என்று அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. அக்கம்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போன அந்தக் காலத்தில்தான் 1996-இல் அஸ்ட்ரோ வந்தது. நாள் முழுக்கத் தமிழ் ஒலிக்கும் அலைவரிசை வீட்டுக்குள் நுழைந்தது அப்போதுதான். பகலெல்லாம் தனியாக இருக்கும் ஒரு தாயாருக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை வேலைக்குப் போய் வரும் பிள்ளைகள் முழுதாக உணர்ந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் கேபிள் கம்பி செய்த வேலையை இங்கே செயற்கைக்கோள் தட்டு செய்தது. மீசாட் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையைக் கூரையில் உள்ள தட்டு வாங்கி, டிகோடர் படமாக்கித் தரும். கனமழை பெய்யும்போது மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சிச் சிதறடித்துவிடுவதால் படம் நின்றுபோகும். நம் ஊரில் பிற்பகல் மழைக்குக் குறைவில்லை. ஆனாலும் மழை விட்டால் படம் தானாக வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை.

இணையவழிப் பார்வையில் அப்படி இல்லை. படம் நின்றால் காரணம் வைஃபையாக இருக்கலாம், செயலியாக இருக்கலாம், கணக்கு வெளியேறியிருக்கலாம், அட்டையில் பணம் கழியாமல் இருக்கலாம். திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி தோன்றும். அதை அழுத்தலாமா கூடாதா என்று தெரியாமல் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவதை அறியாமை என்று சொல்ல முடியாது. தெரியாத பொத்தானை அழுத்தாதே என்று வங்கியும் போலீசும் நாமும்தானே அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

இந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டிய முதல் செய்தி மொழி. பழைய முறையில் எண்ணை அழுத்தினோம். புதிய முறை சொல்லைப் படித்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய பெண்கள் பலர். நாளிதழைச் சரளமாக வாசிப்பவர்கள்கூட ஆங்கில எழுத்தில் தேடல் கட்டத்துக்குள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட வேண்டும் என்றால் களைத்துப்போவார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. கூகுளின் குரல் உள்ளீட்டில் 2017 முதல் தமிழ் உண்டு. இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என்பவற்றோடு மலேசியத் தமிழுக்கும் அதில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். திறன்பேசியில் யூடியூபைத் திறந்து, ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு, "பழைய சிவாஜி பாட்டு" என்று வாயால் கேட்டால் வந்துவிடும். அதையே டிவி திரைக்கு அனுப்பலாம். கைப்பேசியில் குரல் செய்தி அனுப்பத் தெரிந்தவருக்கு இது புதிய வேலையே இல்லை. யூடியூப் பக்கத்தைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளவும் முடியும். டிவியின் அமைப்பில் தமிழ் இருக்கிறதா என்று பிள்ளைகள் முதல் நாளே பார்த்து மாற்றிவைப்பது நல்லது. இதைச் செய்யாமல் பாடம் நடத்த உட்காருவதில் பயனில்லை.

அடுத்தது கணக்கு. அஸ்ட்ரோ பில் அப்பாவின் பெயரில் வந்தது. அடுக்குமாடி வீட்டில் அவர் பெயரில் வந்த கடிதங்களில் அதுவும் ஒன்று. இப்போது எல்லாம் மகனின் மின்னஞ்சலில், மகளின் கடன் அட்டையில் இருக்கிறது. கணக்கு வெளியேறிவிட்டால் உறுதிப்படுத்தும் எண் வரும் தொலைபேசி பிள்ளையின் கையில். அலுவலகத்தில் கூட்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு அழைத்து, "அந்த நம்பரைச் சொல்லு" என்று கேட்பதற்குத் தயங்கியே டிவியைத் தொடாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். தன் வீட்டில் தன் டிவியைப் பார்க்க அனுமதி கேட்பது போல அவர்களுக்குத் தோன்றுகிறது. எனவே பெற்றோர் பெயரிலேயே ஒரு மின்னஞ்சலும் கணக்கும் தொடங்கித் தாருங்கள். எண் அவர்களின் தொலைபேசிக்கே வரட்டும். கடவுச்சொல்லைப் பெரிய தமிழ் எழுத்து விளக்கத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டுக்குள் வைத்துக்கொள்வதில் தவறில்லை. கட்டணம் செலுத்தும் அட்டை மட்டும் பிள்ளைகளிடம் இருக்கலாம்.

மூன்றாவதாக மாறியது நேரம். இதைத்தான் அதிகம் பேர் கவனிக்கத் தவறுகிறார்கள். அலைவரிசை ஒரு நாளைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தந்தது. பக்தி நிகழ்ச்சி முடிந்தால் சமையல், இந்தத் தொடர் முடிந்தால் மருந்து, செய்தி முடிந்தால் கதவைப் பூட்டிப் படுக்கை. செயலியில் எல்லாம் எப்போதும் இருக்கிறது, அதனாலேயே எதற்கும் உரிய நேரமில்லை. எதைப் பார்ப்பது என்று தேடித் தேடி அலுத்து மூடிவிடுகிறார்கள். ஒரே தொடரை ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு மறுநாள் காலை கோயிலிலோ சந்தையிலோ அதைப் பற்றிப் பேசும் வழக்கமும் குறைந்துவிட்டது. இன்னொரு பக்கம் ஒரு வசதியும் வந்திருக்கிறது. சென்னையில் இரவு 9 மணி என்றால் இங்கே 11.30. அங்கு ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்க்க விரும்பியவர் தூக்கத்தை விட வேண்டியிருந்தது. இப்போது காலைக் காப்பியோடு பார்க்கலாம். ஆகவே வீட்டில் ஒரு பழக்கத்தை நாமே உண்டாக்கித் தரலாம்: காலையில் நேற்றைய தொடர், மாலையில் பாட்டு, இரவில் செய்தி என்று. அந்தந்த நேரத்துக்கு எந்தப் படத்தைத் தொட வேண்டும் என்பதையும் அதே நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கலாம்.

செய்தி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூத்த வாசகர்களுக்கு 2019 கடினமான ஆண்டு. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் அந்த ஆண்டு ஜனவரி இறுதியோடு நின்றது. அக்டோபர் 31-இல் நாடெங்கும் பழைய அனலாக் ஒளிபரப்பு முடிவுக்கு வந்து, ஆண்டெனாவை மட்டும் நம்பிய பழைய பெட்டிகளுக்கு டிகோடர் தேவையானது. அந்த மாற்றத்தில் பிறந்த மைஃபிரீவியூ சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. டிவி2-இன் தமிழ்ச் செய்தியை அதில் பார்க்கலாம். ஆர்டிஎம் கிளிக் என்ற இலவசச் செயலியிலும் பார்க்கலாம். தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்மும் அதில் கேட்கும். சந்தாவை நிறுத்தும் வீடுகள் இந்த இரண்டையும் முதலில் ஏற்படுத்திக்கொண்டால் செய்தி விட்டுப்போகாது.

தட்டுக்கும் செயலிக்கும் நடுவே இன்னொரு வழியும் இருக்கிறது. தட்டில்லாமல் வீட்டு இணையத்திலேயே இயங்கும் பெட்டியை அஸ்ட்ரோவே தருகிறது. யூனிஃபை டிவியும் இணையம் வழியே அலைவரிசைகளைக் கொடுக்கிறது. எண்ணை அழுத்திப் பார்க்கும் பழக்கத்தை விட முடியாதவர்களுக்கு இதுவே போதும். மழைக்குப் படம் நிற்காது என்பது கூடுதல் நிம்மதி.

சென்னை உறவினர் சொன்ன செயலி இங்கே வேலை செய்யாமல் போவதும் குழப்பம் தரும். படங்களுக்கும் தொடர்களுக்கும் ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கப்படுகிறது. ஒரே பெயருள்ள செயலியில் அங்கே இருப்பது இங்கே இருக்காது. பணம் கட்டுவதற்கு முன், அம்மா பார்க்கும் மூன்று நான்கு தொடர்களின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, அவை மலேசியக் கணக்கில் தெரிகின்றனவா என்று தேடிப் பாருங்கள்.

செலவு குறையும் என்பதும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஒரு பில் போய் இணையக் கட்டணம், இரண்டு மூன்று செயலிகள் என்று நான்காகலாம். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் 6 விழுக்காடு சேவை வரி. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. வீட்டில் வைஃபை இல்லாமல் கைத்தொலைபேசி டேட்டாவில் பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தெளிவான எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை இழுக்கும். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் 1 ஜிபிக்குள் அடங்கும்.

"ஒரே தடவை காசு கட்டுங்க, ஆயுசுக்கும் பில் வராது" என்று ஒரு பெட்டியைக் காட்டி விற்பவர்களிடம் மூத்தவர்கள் எளிதில் சிக்குகிறார்கள். அனுமதியில்லாமல் அலைவரிசைகளைத் திருடித் தரும் பெட்டிகள் அவை. 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், இவ்வகைக் கருவிகளை விற்பவர்களுக்கு 10,000 முதல் 2 லட்சம் வெள்ளி வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. வாங்கியவருக்கு வேறு வகையில் இழப்பு: ஒரு நாள் எல்லாம் நின்றுபோகும், விற்றவரின் எண் எடுக்கப்படாது. இலவசமாகப் படம் பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பை ஏற்றினால் வங்கிக் கணக்கே காலியாகும் ஆபத்தும் உண்டு. செயலியை அதற்குரிய கடையிலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே மோசடிப் புகாருக்கான 997-ஐ அழைக்க வேண்டும். அந்த எண்ணை ரிமோட்டின் பின்புறம் ஒட்டிவையுங்கள்.

கற்றுக்கொள்ள இடங்கள் இருக்கின்றன. அரசின் நாடி மையங்கள் இலவசமாக இணையப் பயிற்சி தருகின்றன. சமூகநலத் துறையின் கீழ் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் இயங்குகின்றன. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் முதுமையியல் ஆய்வுக் கழகத்தோடு தொடர்புடைய மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் கணினி வகுப்புகளும் நடத்துகிறது. இவற்றில் மலாயும் ஆங்கிலமுமே பெரிதும் புழங்கும் மொழிகள். தமிழில் சொல்லித்தர ஓர் ஆள் கிடைத்தால் எத்தனை பேருக்குப் பயன்படும்! பிரிக்ஃபீல்ட்ஸிலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பக்கத்திலும் கோயில் மண்டபங்களுக்கும் சங்கக் கட்டடங்களுக்கும் பஞ்சமில்லை. பூசை முடிந்த பிறகு ஒரு மணி நேரம், ஒரு பெரிய டிவி, பொறுமையுள்ள இரண்டு கல்லூரி மாணவர்கள். இதற்குப் பெரிய மானியம் எதுவும் தேவைப்படாது. கோயில் நிர்வாகங்களும் இளைஞர் இயக்கங்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் சொல்லித்தரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ரிமோட்டை நீங்கள் வாங்கிக் காட்டாதீர்கள். அவர்கள் கையிலேயே இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு செயல் போதும்: இன்று திறப்பதும் மூடுவதும், நாளை மறுநாள் தேடுவது. தவறி எங்கோ போய்விட்டால் முகப்புப் பொத்தானை அழுத்தித் திரும்பி வரலாம் என்பதை முதலில் பழக்குங்கள். அது தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். திரையில் தேவையில்லாத செயலிகளை நீக்கி, அவர்களுக்கு வேண்டிய மூன்றை மட்டும் முன்வரிசையில் வையுங்கள்.

சந்தாவை உடனே நிறுத்தவும் வேண்டாம். ஒப்பந்தக் காலம் முடிந்ததா, இடையில் நிறுத்தினால் கட்டணம் உண்டா என்று கேட்டுவிட்டு, ஒரு மாதமாவது இரண்டும் சேர்ந்து ஓடட்டும். தொடக்கத்தில் பழைய எண்களுக்கே போவார்கள். பிறகு ஒரு நாள் விட்டுப்போன தொடரைத் தேடி அவர்களாகவே செயலியைத் திறப்பார்கள். டிகோடரைத் திருப்பிக் கொடுக்கும் தேதியை அதற்குப் பிறகு அப்பாவோ அம்மாவோ சொல்லட்டும்.