ஆய்வகத்திலிருந்து சுகாதார நிலையத்துக்கு: 30 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட சொட்டு மருந்து

புது தில்லி: பல்கலைக்கழக ஆய்வகங்களில் பிறக்கும் கண்டுபிடிப்புகள் மக்களின் கைக்கு எட்டாமல் அலமாரிகளிலேயே முடங்கிவிடுகின்றன என்பது தலைநகரில் நீண்ட காலமாகவே ஒலித்துவரும் புகார். அந்த இடைவெளியைத் தாண்டிய கண்டுபிடிப்புகள் சிலவே. அவற்றுள் ஒன்று, தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் (எய்ம்ஸ்) தொடங்கிய ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து.

1980-களின் நடுப்பகுதியில் எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த சில குழந்தைகளை ரோட்டா வைரஸ் தொற்றியது. ஆனால், அக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படவில்லை. பின்னாளிலும் இக்கிருமியால் கடுமையான நோய் வராமல் அவர்கள் காக்கப்பட்டதை டாக்டர் எம்.கே. பான் தலைமையிலான குழுவினர் கண்டறிந்தனர். நோய் தராமல் எதிர்ப்பாற்றலை மட்டும் தந்த அந்த வைரஸ் வகைக்கு '116இ' என்று பெயரிடப்பட்டது. ஆண்டுதோறும் பல்லாயிரம் இந்தியக் குழந்தைகளை ரோட்டா வைரஸ் பலிகொண்டுவந்த காலம் அது.

நீண்ட இடைவெளி

கண்டுபிடிப்பு கையிலிருந்தது, மருந்து கையிலில்லை. ஆய்வுக் கட்டுரை எழுத ஒரு குடுவை வைரஸ் போதும். கோடிக்கணக்கான குழந்தைகளுக்குத் தர வேண்டுமெனில் தரம் மாறாமல் பெருமளவில் உற்பத்தி செய்யவும், பாதுகாப்பானது என நிரூபிக்கவும் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அதற்கான ஆலை கிடையாது. பலன் உறுதியாகாத ஒன்றில் பல ஆண்டுகள் பணத்தை முடக்கத் தொழில் நிறுவனங்கள் தயங்கும். பெரும்பாலான கண்டுபிடிப்புகள் மடிவது இந்த இடைவெளியில்தான்.

இந்த மருந்துக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும், அமெரிக்க ஆய்வு நிறுவனங்களும், 'பாத்' என்ற தொண்டு நிறுவனமும், பில்-மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையும் துணை நின்றன. ஹைதராபாதின் பாரத் பயோடெக் நிறுவனம் உற்பத்திப் பொறுப்பை ஏற்றது. பெங்களூரில் கண்டறியப்பட்ட மற்றொரு வைரஸ் வகையும் முதற்கட்டத்தில் சோதிக்கப்பட்டது. அது போதிய எதிர்ப்பாற்றலைத் தராததால் 116இ மட்டுமே அடுத்த கட்டத்துக்குச் சென்றது.

தில்லி, புணே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் இறுதிக்கட்டச் சோதனை நடந்தது. வேலூரில் இப்பணியை மேற்கொண்டது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. கடுமையான ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் சுமார் 56 சதவீதம் தடுப்பதாக 2013-ல் முடிவு வெளியானது. 2015 மார்ச்சில் 'ரோட்டாவாக்' என்ற பெயரில் பிரதமர் நரேந்திர மோடி இதனை அறிமுகப்படுத்தினார். 2016 முதல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் மருந்து படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. 2018-ல் ரோட்டாவாக் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதிச் சான்றையும் பெற்றது.

யாருக்குச் சொந்தம்?

இம்முயற்சியின் சிறப்பு அதன் விலையில் இருக்கிறது. ஒரு டோஸ் மருந்தை ஒரு டாலர் விலையில் அரசுக்கு வழங்க உற்பத்தி நிறுவனம் முன்வந்தது. மக்கள் வரிப்பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பு மக்களுக்கு எட்டும் விலையில் திரும்பி வந்தது.

எல்லாக் கண்டுபிடிப்புகளுக்கும் இது பொருந்துமா என்பதே சிக்கல். அரசு நிதியில் நடந்த ஆய்வுகளின் காப்புரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள 1980-ல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. அதே பாணியில் 2008 டிசம்பரில் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. உரிமத்தொகையில் விஞ்ஞானிக்கும் பங்கு கிடைக்கும், ஆய்வுகள் தொழிலாக மலரும் என்று ஆதரவாளர்கள் வாதிட்டனர். ஆய்வுக்கு வரியாக ஒருமுறையும், மருந்துக்கு விலையாக மறுமுறையும் மக்கள் பணம் செலுத்த நேரிடும் என்றனர் எதிர்த்தவர்கள். மசோதா சட்டமாகவே இல்லை.

சட்டம் வராவிட்டாலும் பாலங்கள் எழும்பின. தில்லி ஐஐடி 1992-லேயே தொழில்நுட்பப் பரிமாற்றத்துக்கெனத் தனி அமைப்பை ஏற்படுத்தியது. சென்னை தரமணியில் ஐஐடி ஆராய்ச்சிப் பூங்கா 2010-ல் தொடங்கியது. கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணம் 2021-ல் 80 சதவீதம் குறைக்கப்பட்டது. ஆய்வகக் கட்டத்தைத் தாண்டிய தொழில்நுட்பங்களைத் தனியார் துறை வளர்த்தெடுக்க நீண்டகாலக் கடனும் முதலீடும் வழங்கும் ரூ. 1 லட்சம் கோடித் திட்டத்துக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

நிதி வந்துவிட்டால் இடைவெளி சுருங்கலாம். ஆனால் நிதி மட்டுமே போதாது என்பதற்கும் இந்தச் சொட்டு மருந்தே சாட்சி. எய்ம்ஸில் ஆய்வைத் தொடங்கிய டாக்டர் பான், 2004 முதல் 2012 வரை உயிரித் தொழில்நுட்பத் துறையின் செயலராக இருந்தார். 2020-ல் அவர் மறைந்தபோது, அவருடைய கண்டுபிடிப்பு சுகாதார நிலையங்களில் குழந்தைகளின் வாயில் சொட்டுகளாக விழுந்துகொண்டிருந்தது. முப்பதாண்டுகள் பொறுத்திருக்க எத்தனை ஆய்வாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் இயலும் என்பதில்தான் இத்தகைய திட்டங்களின் வெற்றி அடங்கியிருக்கிறது.