அம்மை: பெயர் ஒன்று, கிருமி இரண்டு!



இந்தக் கட்டுரையை நான் ஏன் எழுதுறேன்னு முதல்ல சொல்லிடறேன். போன மாசம் என் தோழி ஒருத்தி அம்மை போட்டு, தலைக்குத் தண்ணி ஊத்தி, பள்ளிக்கு வந்தா. முகத்துல கருப்பா பக்கு இருந்துச்சு. நான் பெஞ்சோட ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். மதியம் சோறு சாப்பிடும்போதும் தள்ளிப் போயிட்டேன். அவ ஒண்ணும் கேட்கல.

அடுத்த வாரமே எங்க ஆயாவுக்கு இடுப்புல ஒரு பக்கம் மட்டும் வரிசையா கொப்புளம். ஒரே எரிச்சல். "அக்கிடி இது"ன்னு ஆயா சொல்லிச்சி. "நீதான் பள்ளிக்கூடத்துல இருந்து ஒட்ட வெச்சுக்கிட்டு வந்துட்ட"ன்னு வீட்ல எல்லாரும் என்னைத் திட்டுனாங்க. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

மறுநாள் ஆயாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளாச்சு?" "ரெண்டு நாள்"னு சொன்னோம். "நல்லவேளை, மூணு நாளுக்குள்ள வந்துட்டீங்க"ன்னு மாத்திரை எழுதினாங்க. அப்புறம், "சின்ன வயசுல உங்களுக்குச் சின்னம்மை போட்டிருக்கா?"ன்னு கேட்டாங்க. "ரெண்டும் போட்டிருக்குதும்மா, பெரியம்மையும் போட்டிருக்குது"ன்னு ஆயா தன் முகத்தைக் காட்டிச்சி. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "இது யார்கிட்ட இருந்தும் வரல. இவங்க உடம்புக்குள்ளயே இருந்தது"ன்னு சொன்னாங்க.

எப்படி? அதுக்குப் பிறகு நூலகத்துல படிச்சதையும், அறிவியல் டீச்சரிடம் கேட்டதையும் கீழே எழுதியிருக்கேன்.

இரண்டு குடும்பங்கள்

நாம எல்லாத்தையும் அம்மைன்னு சொல்றோம். ஆனால் பெரியம்மை (வைசூரி) பாக்ஸ் குடும்பத்து வைரஸ். சின்னம்மை ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். இரண்டுக்கும் உறவே கிடையாது! இங்கிலீஷ்லயும் இரண்டுக்கும் பாக்ஸ்னுதான் பெயர் வெச்சிருக்காங்க. கொப்புளத்தைப் பார்த்துப் பெயர் வெச்சதால வந்த குழப்பம் இது.

பெரியம்மை வைரஸ் செங்கல் வடிவம். வைரஸ்களில் பெரிய வகைகளில் ஒண்ணு. அப்படியும் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள்ள சுமார் 3,000 வைரஸை வரிசையா அடுக்கலாம்.

செல்லுக்குள் எப்படி நுழைகிறது?

வைரஸ் தனியா பெருக முடியாது. நம்ம செல்லுக்குள்ள போனால்தான் பெருகும். செல்லைச் சுற்றிக் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு இருக்கு. இந்த இரண்டு குடும்பத்து வைரஸுக்கும் அதே மாதிரி கொழுப்புச் சவ்வு உண்டு. ரசத்துல மிதக்கிற ரெண்டு எண்ணெய்ப் பொட்டு கிட்ட வந்தால் ஒண்ணா சேர்ந்துடும் இல்லையா? அதே போல வைரஸின் சவ்வும் செல்லின் சவ்வும் ஒன்றாகி, உள்ளே இருக்கிற சரக்கு செல்லுக்குள் இறங்கிடும்.

ஆனால் சவ்வுகள் தானா சேராது. வைரஸின் மேல் முள் முள்ளா இருக்கிற புரதங்கள்தான் சேர்த்து வைக்குது. அதைச் சாவின்னு வெச்சுக்கலாம். ஹெர்பிஸ் வைரஸ் முதலில் செல்லின் மேல் இருக்கிற சர்க்கரை இழைகளைப் பிடிச்சுக்கும். பிறகு இன்னும் சில புரதங்கள் சேர்ந்து சவ்வை இணைக்கும். உள்ளே போனதும் நேரா செல்லின் உட்கருவுக்குப் போய் அங்கதான் பெருகும். பாக்ஸ் வைரஸ் உட்கருவுக்குள்ள போகாது. தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே கொண்டுவந்து, வெளியில சைட்டோபிளாசத்துலயே கடை விரிச்சிடும்.

பாக்ஸ் வைரஸிடம் இன்னொரு தந்திரம் உண்டு. ஒரு சட்டை போட்ட வைரஸ், அதுக்கு மேல இன்னொரு சட்டை போட்ட வைரஸ்னு இரண்டு விதமா இருக்கும். ஒரு சட்டைக்காரன் உறுதியானவன், ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போறவன். இரண்டு சட்டைக்காரன் உடம்புக்குள்ளேயே ஊர் சுத்துறவன். அவன் உள்ளே நுழையணும்னா மேல்சட்டை கிழியணும்.

எதிர்ப்பொருள் என்ன செய்கிறது?

நம்ம ரத்தத்துல இருக்கிற வெள்ளணுக்களில் ஒரு வகை, எதிர்ப்பொருள் என்கிற புரதத்தைச் செய்யும். கவட்டை வடிவத்துல இருக்கும். அது வைரஸின் சாவிகள் மேல போய் ஒட்டிக்கும். சாவி மேல களிமண்ணை அப்பிட்டா பூட்டு திறக்குமா? திறக்காது! பாக்ஸ் வைரஸுக்கு இரண்டு சட்டை இருக்கிறதால, இரண்டையும் பிடிக்கிற எதிர்ப்பொருள் இருந்தால்தான் நல்ல பாதுகாப்பு.

1796-ல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மைப் பாலை ஒரு சிறுவனுக்குக் குத்தினார். பசு அம்மைக்காக உண்டான எதிர்ப்பொருள் பெரியம்மையையும் பிடிச்சது. காரணம், இரண்டும் ஒரே குடும்பம், சாவிகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஆனால் அம்மை குத்தியவருக்கும் சின்னம்மை வரும். அது வேற குடும்பம் ஆச்சே!

நம்ம சென்னையில் நடந்தது

கிண்டியில் இருக்கிற கிங் இன்ஸ்டிடியூட் 1899-ல் அம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கத்தான் தொடங்கப்பட்டது. பிறகு சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் அமெரிக்க டாக்டர் கெம்ப்பும் மற்றவர்களும் ஒரு சோதனை செய்தாங்க. பெரியம்மை வந்த வீட்டில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அம்மை குத்தினாங்க. அதில் 326 பேருக்கு மட்டும், எதிர்ப்பொருள் நிறைய ஊறிய மற்றவர் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தையும் சேர்த்துப் போட்டாங்க. அவர்களில் 5 பேருக்குத்தான் பெரியம்மை வந்தது. அது போடாத 379 பேரில் 21 பேருக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்க: நூற்றுக்கு ஒன்றரை, நூற்றுக்கு ஐந்தரை! இது 1961-ல் வெளியானது. அம்மை குத்துறதோட எதிர்ப்பொருளையும் சேர்த்துப் போட்டால் காப்பாற்ற உதவும்னு இந்தச் சோதனை காட்டுச்சு.

இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975 மே மாதம். 1980 மே 8-ம் தேதி உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவிச்சாங்க. நம்ம கையில் இருக்கிற தழும்பு பெரியம்மைக்குக் குத்தியது இல்லை. அது காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி.

ஆயா சின்னப் பிள்ளையா இருந்தப்போ அம்மை குத்துறவர் ஊருக்கு வந்தாராம். பயந்துபோய் ஆயாவையும் அதோட தம்பியையும் வைக்கோல் போர் பின்னால ஒளிச்சு வெச்சுட்டாங்களாம். ஆயா தழும்போட பிழைச்சுது. தம்பி பிழைக்கல.

அப்போ அக்கி எங்கிருந்து வந்தது?

சின்னம்மை ஆறினதும் வைரஸ் முழுசா போறதில்லை. முதுகெலும்பு ஓரத்தில் இருக்கிற நரம்பு செல்களுக்குள் போய்ப் படுத்துக்கும். எதிர்ப்பொருள் ரத்தத்தில் சுற்றும், ஆனால் செல்லுக்குள் ஒளிஞ்சிருக்கிறதைப் பிடிக்க முடியாது. டி செல் என்ற வேறு வெள்ளணுக்கள்தான் அதை அடக்கி வைக்குது. வயசானால் அந்தக் காவல் குறையும். உடனே வைரஸ் எழுந்து அந்த நரம்பு வழியாவே தோலுக்கு வரும். அதனாலதான் அக்கி ஒரு பக்கம் மட்டும் பட்டை மாதிரி வருது. ஆயாவோட வைரஸுக்கு வயசு அறுபதுக்கு மேல!

தெரிந்துகொள்வோம்

1. சின்னம்மை, கொப்புளம் தெரியிறதுக்கு ஒன்றிரண்டு நாள் முன்னாடியே ஒட்டும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பக்கு கட்டிட்டா ஒட்டாது.
2. அக்கி வந்தவரிடமிருந்து அக்கி ஒட்டாது. ஆனால் அந்தக் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவங்களுக்குச் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் தள்ளி இருக்கணும்.
3. அக்கிக்குக் காவி எழுதுறது நம்ம ஊர் வழக்கம். ஆனால் காவி வைரஸைக் கொல்லாது. உடைந்த கொப்புளத்தில் எதையும் பூசக் கூடாது. மூணு நாளுக்குள் டாக்டரிடம் போகணும்.
4. அம்மை போட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கவே கூடாது.
5. வேப்பிலை கட்டி, வெளியாட்களை வீட்டுக்குள்ள விடாமல் இருந்தாங்களே நம்ம பெரியவங்க, அந்தத் தனிமை நல்ல பழக்கம்தான்.

ஒண்ணாவதை மறுபடி படிங்க. ஒட்டுற நாளில் நமக்குத் தெரியாது, பக்கத்துல உட்கார்ந்து ஒண்ணா சாப்பிட்டிருப்போம். ஒட்டாத நாளில் ஒதுக்கறோம்! நான் செய்தது அதுதான்.

திங்கட்கிழமை நான் பழைய இடத்துல போய் உட்கார்ந்தேன். "இப்ப மட்டும் ஒட்டாதா?"ன்னு அவ கேட்டா. எனக்கு அழுகை வந்துடுச்சு. மேலே எழுதினதெல்லாம் அன்னைக்கு அவளுக்குச் சொன்னதுதான். இரண்டு சட்டை வைரஸின் படத்தை வரைஞ்சு தந்தது அவதான்.

ஆயாவுக்கு இப்போ கொப்புளம் காய்ஞ்சுடுச்சு. எரிச்சல் மட்டும் கொஞ்சம் இருக்கு.

இந்த வாரக் கேள்வி: ஒருமுறை சின்னம்மை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி சின்னம்மை வருவதில்லை. ஆனால் அக்கி வருகிறது. ஏன்? விடையைத் தாளில் எழுதி அறிவியல் டீச்சரிடம் கொடுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அடி அண்ணாமலை.