மழைக் கணிப்பும் மாபெருங் கணினியும்

முதல் மழையை நம்பி விதைத்தபின் பத்து நாள் வானம் பொய்த்தால், விதையும் உழவுக் கூலியும் வீணாவதைக் குடியானவர்கள் நன்கறிவர். இவ்விடர் குறைய வேண்டுமாயின், மழைக் கணிப்பு நுட்பமாயும், காலந் தவறாமலும் கிடைத்தல் அவசியம்.

இதன்பொருட்டு இந்திய அரசாங்கத்தார் 1980-களின் இறுதியில் கிரே என்னும் அமெரிக்கக் கணினியைப் புதுடில்லியில் நிறுவினர். 2024-ம் ஆண்டு செப்டம்பரில் புணே நகரில் அர்க்கா, நொய்டாவில் அருணிகா என்னும் இரு பெருங் கணினிகள் தொடங்கி வைக்கப்பட்டன. அர்க்காவின் உச்ச வேகம் விநாடிக்கு 117 கோடி கோடிக் கணக்குகளுக்கு மேற்பட்டதாகும்.

இத்துணை வேகம் ஏன்? முன்பு 12 கிலோமீட்டர்ச் சதுரக் கட்டங்களாகப் பகுத்துக் கணிக்கப்பட்ட நிலப்பரப்பு, 2025 மே மாதம் வெளியான பாரத் முன்னறிவிப்பு முறையில் 6 கிலோமீட்டர்க் கட்டங்களாயிற்று. கட்டங்கள் நான்கு மடங்காகின்றன. கணிக்கும் கால இடைவெளியும் பாதியாக வேண்டியிருப்பதால், வேலை ஏறக்குறைய எண்மடங்காகும்.

யந்திரம் மட்டும் போதாது. பெருங் கணினியென்பது பல்லாயிரம் சிறு கணிப்பான்களின் கூட்டமாம். ஒவ்வொன்றும் தன் பகுதியைக் கணித்து, அண்டைப் பகுதியின் காற்று, ஈரம், வெப்பம் ஆகியவற்றைக் கேட்டறிந்தே மேற்செல்லும். ஒன்று பிந்தினும் ஏனையவை காத்திருக்க நேரிடும். மேகத்தின் இயல்பறிந்த விஞ்ஞானிக்கு இவ்வேலைப் பங்கீடு கைவந்ததன்று. ஆதலின் கணினி நிபுணர்கள் உடனிருந்து உதவுகின்றனர்.

எனினும், கணிப்பு உறுதிமொழியன்று. மண்ணின் ஈரத்தையும் சோதித்தே விதைத்தல் நலம். அறிவிப்பு வந்த அன்றே கிராம அதிகாரிகள் அதனை யாவரும் அறியச் செய்வாராக.