ரஸ்க் தூள் இல்லாத கட்லெட்

கொல்கத்தாவில் மாலைச் சிற்றுண்டி என்றால் கட்லெட்டுக்குத் தனி மரியாதை. காலேஜ் ஸ்ட்ரீட்டின் தில்குஷா கேபின் போன்ற பழைய உணவகங்களில் மொறுமொறு சிக்கன் கட்லெட்டும், முட்டையை வலைபோல் படரவிட்டுப் பொரித்த கபிராஜியும் நகரத்தின் அடையாளங்கள். 'சர்க்கரை இருக்கிறது' என்று டாக்டர் சொன்ன மறுநாளே அந்தத் தட்டைத் தள்ளிவைப்பது, வங்காளிக்கு மட்டுமல்ல, ரயில் கட்லெட்டில் ருசி கண்ட எவருக்கும் துக்கமான காரியம்.

துக்கப்படுபவர்கள் ஒருவர் இருவர் அல்ல. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

ஆனால் கட்லெட் விவகாரத்தில் கோழி நிரபராதி. அதில் மாவுச்சத்து கிட்டத்தட்ட பூஜ்யம். வில்லன்கள் இரண்டு: உள்ளே பிசையும் உருளைக்கிழங்கு, வெளியே புரட்டும் ரஸ்க் தூள். 100 கிராம் ரஸ்க் தூளில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து. அதே அளவு பாதாம் பொடியில் 20 கிராம் அளவுக்குத்தான். அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து.

உருளைக்கிழங்கு இல்லாமல் வடிவம் நிற்குமா? நிற்கும். ரகசியம் உப்பில் இருக்கிறது. அரை கிலோ கோழிக் கொத்துக்கறியில் ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு மூன்று, நான்கு நிமிடம் அழுத்திப் பிசைந்தால், இறைச்சியின் புரதம் கரைந்து பசைபோல ஒட்டத் தொடங்கும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, சாறு போகப் பிழிந்து சேர்க்க வேண்டும். சோம்பல்பட்டு இதை விட்டால் சட்டியில் கட்லெட் உதிர்ந்து பொடிமாஸ் ஆகிவிடும். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி, கரம் மசாலா உங்கள் இஷ்டம். அரை அங்குல கனத்தில் தட்டி, அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள்.

மேல்பூச்சுக்குப் பாதாம் பொடி மட்டும் என்றால் மாதக் கடைசியில் கட்டுப்படியாகாது. மீல்மேக்கரை ஊறவைக்காமல் அப்படியே மிக்ஸியில் ரவை பதத்துக்கு அரைத்துப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். மாவுச்சத்து பாதாமைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் மொறுமொறுப்பில் ரஸ்க்குக்கு நெருங்கி வருவது இதுதான். தட்டியதை ஈரம் போக ஒற்றி, அடித்த முட்டையில் தோய்த்து, பொடியில் புரட்டி அழுத்த வேண்டும்.

பாதாம் பொடி சீக்கிரம் கருகும். கொதிக்கும் எண்ணெயில் முக்கினால் வெளியே கரி, உள்ளே பச்சை. கனமான தவாவில் மூன்று, நான்கு ஸ்பூன் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் போதும். பிட்டுப் பார்த்தால் நடுவில் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

மாவுச்சத்து குறைந்தது என்பதற்காக ஆறு, ஏழு என்று உள்ளே தள்ள முடியாது. பாதாமில் பாதி கொழுப்பு. கலோரி எங்கும் ஓடிவிடவில்லை. இன்னொன்று முக்கியம். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வழக்கமான சோறு, ரொட்டியைத் திடீரென்று நிறுத்திவிட்டு இதை மட்டும் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தொட்டுக்கொள்ள? இவ்வளவு பாடுபட்டுவிட்டுத் தக்காளி கெச்சப்பைக் கவிழ்ப்பவர்கள் உண்டு. அதில் சுமார் கால் பங்கு சர்க்கரை. கொல்கத்தாக்காரர்கள் கட்லெட்டுக்குத் தொட்டுக்கொள்வது காசுந்தி, அதாவது கடுகை அரைத்துப் புளிக்கவைத்த, மூக்கில் ஏறும் சட்னி. வீட்டில் அரைத்தால் சர்க்கரை போட வேண்டிய அவசியமே இல்லை.