முள் எப்போது ஏறுகிறது?

காரில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டால் பல பட்டறைகளில் முதலில் ரேடியேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். ஸ்பேனரை எடுக்குமுன் ஓட்டுநரிடம் கேட்க வேண்டியது ஒன்று: எப்போது ஏறியது?

சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் ஃபேனைச் சந்தேகிக்கலாம். ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரின் சூட்டை வாங்கிக்கொள்ளும். நின்றால் ஃபேன் சுற்றியே தீரவேண்டும். ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று பார்த்துக்கொண்டே போகலாம். நெடுஞ்சாலையிலோ மலையேற்றத்திலோ மட்டும் சூடேறினால் கதை வேறு. ரேடியேட்டர் அடைத்திருக்கும், அல்லது பம்ப் தளர்ந்திருக்கும். கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றி வந்த வண்டியென்றால் குழாய்களுக்குள் உப்பு படிந்திருக்கும்.

இன்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டரோ வெதுவெதுப்பாகவே இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். அதனுள் இருக்கும் மெழுகு சுமார் 80 முதல் 90 டிகிரியில் உருகி விரிந்து வால்வைத் திறக்கும். கழற்றிப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தால் திறக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று சில மெக்கானிக்குகள் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். தவறான சிக்கனம். இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும். கணினி அதைக் குளிர்ந்த இன்ஜின் என்றே எண்ணி பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும்.

விலை குறைந்த பாகமான ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகிப்பதில்லை. அது உள்ளே ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த வரம்பு குறைந்துவிடும். சூடான வண்டியில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழ, தண்ணீர் நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஆறும்வரை கை வைக்கவே கூடாது.

கசிவே தெரியாமல் கூலன்ட் குறைகிறதா? அஞ்ச வேண்டியது ஹெட் கேஸ்கெட்டைத்தான். காலையில் குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் விடாமல் வரும். சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது. ஆயில் பால்காப்பி நிறத்துக்குத் திரிந்திருக்கும்.

ஏறிய முள் தானாக இறங்கிவிட்டதே என்று நிம்மதியடையவும் முடியாது. தண்ணீர் முழுக்க வற்றியபின் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும்; முள் குறைவாகக் காட்டும். அப்போது பானெட்டைத் திறப்பதற்கு முன் இன்ஜினை அணைத்தாக வேண்டும்.