ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ்... பார்ட்டிஷனில் கை வைக்கும் முன் இதைப் படிங்க!

ஆன் செய்ததும் 'விண்டோஸா, லினக்ஸா?' என்று கேட்கும் லேப்டாப்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிதல்ல. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இப்போது இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் தாங்களாகவே உபுண்டுவை ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஏற்றும்போது '30 ஜி.பி போதும்' என்று தோன்றும். ஆறே மாதத்தில் லினக்ஸ் பக்கம் நிரம்பிவிடும். விண்டோஸ் பக்கமோ 200 ஜி.பி சும்மா கிடக்கும். அங்கிருந்து கொஞ்சம் எடுத்து இங்கே கொடுக்கலாம் என்று இறங்கும்போதுதான், அதே டிஸ்க்கில் இருக்கும் கல்யாண ஆல்பமும் புராஜெக்ட் ஃபைல்களும் ஆபத்தில் மாட்டுகின்றன.

எனவே, முதல் வேலை பேக்கப். 'டி டிரைவில் ஒரு காப்பி இருக்கே' என்பது பேக்கப் ஆகாது. பெரும்பாலான லேப்டாப்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான். வீடே இடிந்தால் அறை மட்டும் தப்புமா? வெளியே தனியாக இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். நாலு போட்டோக்களைத் திறந்து பார்த்தும் விடுங்கள்.

அடுத்து பிட்லாக்கர். புதிய லேப்டாப்கள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே இது ஆன் ஆகியிருக்கும். பார்ட்டிஷனை மாற்றிய பிறகு 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நின்றுவிடலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து, பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள்.

விண்டோஸில் இன்னொரு குசும்பு உண்டு. 'ஷட் டவுன்' கொடுத்தாலும் அது முழுசாகத் தூங்காது. பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். இதுதான் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் இதை அணைத்துவிடுங்கள்.

இனி, விண்டோஸின் இடத்தை விண்டோஸிலேயே குறைப்பதுதான் பாதுகாப்பு. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுங்கள். அளவை எம்.பி-யில் கேட்கும், 50 ஜி.பி வேண்டுமென்றால் 51200. '100 ஜி.பி காலியாக இருக்கு, 10 ஜி.பி-தான் தருவேன் என்கிறதே?' என்று பதற வேண்டாம். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் போன்ற நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஹைபர்னேஷனை அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயன்றால் பெரும்பாலும் கூடுதல் இடம் கிடைக்கும்.

லினக்ஸ் பக்கத்தை, லினக்ஸுக்குள் இருந்துகொண்டே மாற்றுவது உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற கதை. உபுண்டு லைவ் பென் டிரைவில் பூட் செய்து, 'ஜிபார்ட்டெட்' மென்பொருளைத் திறக்க வேண்டும்.

பலர் தவறு செய்யும் இடம் இதுதான். சி டிரைவைக் குறைத்தால் காலி இடம் அதன் வலது முனையில்தான் உருவாகும். லினக்ஸ் அதற்கும் வலப்பக்கம் இருந்தால், லினக்ஸை இடப்பக்கமாக நீட்ட வேண்டும். அப்படி நீட்டும்போது அதிலுள்ள மொத்த டேட்டாவும் இடம் மாறும். மணிக்கணக்கில்கூட ஓடும். நடுவில் கரன்ட் போனால், அல்லது 'ஹேங் ஆயிடுச்சு' என்று பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்தினால், டேட்டாவை மீட்பது கடினம். லேப்டாப் என்றால் முழு சார்ஜோடு சார்ஜரும் செருகியிருக்கட்டும். டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ் இல்லாமல் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. நீட்டவே வேண்டாம். காலியான 50 ஜி.பி-யை லினக்ஸுக்கான புதிய பார்ட்டிஷனாக உருவாக்கி, வீடியோக்களையும் பெரிய ஃபைல்களையும் அங்கே மாற்றிவிடலாம். எதுவும் நகராது, பத்து நிமிட வேலை. லினக்ஸின் சிஸ்டம் பகுதியே நிரம்பி அப்டேட்கூட ஏறவில்லை என்றால் மட்டும் நகர்த்தும் வேலையில் இறங்குங்கள்.

ஜிபார்ட்டெட்டில் 100 எம்.பி-யோ 500 எம்.பி-யோ அளவில் ஒரு குட்டிப் பார்ட்டிஷன் தெரியும். இ.எஃப்.ஐ என்று எழுதியிருக்கும். 'இது எதுக்கு வேஸ்ட்டா?' என்று அழித்துவிடாதீர்கள். இரண்டு சிஸ்டங்களும் கண்விழிப்பதே அதை வைத்துத்தான். 'லினக்ஸே வேண்டாம்' என்று விண்டோஸிலிருந்து அதன் பார்ட்டிஷனை அழித்தவர்களுக்கும், மறுநாள் கறுப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் தெரியக்கூடும். அப்போது டேட்டா போய்விட்டதென்று ஃபார்மட் செய்ய ஓடாதீர்கள். பயாஸில் நுழைந்து பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்தால், இ.எஃப்.ஐ முறையில் இயங்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் விண்டோஸ் எழுந்துவிடும்.