யுரேனியச் சுரங்கமும் சுற்றுப்புற மக்களும்

அணுமின்சாரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது உலையின் குவிமாடமே. தாதுவை அகழ்தல், அதனைச் செறிவாக்குதல், எரிபொருள் தண்டுகளைத் தயாரித்தல், எரிந்த எரிபொருளை மறுபதப்படுத்துதல், கழிவைக் காத்தல் ஆகிய பல கட்டங்களுக்கு இடையே உலை ஒரு கட்டம் மட்டுமே. இவை யாவும் சேர்ந்ததே அணு எரிபொருள் சுழற்சி. உலையைச் சுற்றிக் குடியிருப்பற்ற விலக்கு வளையம் உண்டு. சுழற்சியின் முதற்கட்டமாகிய சுரங்கத்தின் நிலை வேறு. அங்கே கழிவுத் தேக்கத்தின் கரையை ஒட்டியே ஊர்கள் இருக்கின்றன.

ஜாதுகுடா

ஜார்க்கண்ட் மாநிலம் கிழக்கு சிங்பூம் மாவட்டத்தில் உள்ள ஜாதுகுடா, நம் நாட்டின் முதல் யுரேனியச் சுரங்கமாகும். 1951-இல் அங்கே தாது கண்டறியப்பட்டது. 1967-இல் இந்திய யுரேனியக் கழகம் நிறுவப்பட்டது. சுற்றிலும் வாழ்வோரில் சந்தால், ஹோ பழங்குடியினர் மிகுதி.

இங்குள்ள தாது தரம் குறைந்தது. ஒரு டன் பாறையிலிருந்து கிடைக்கும் யுரேனியம் ஒரு கிலோகிராமுக்கும் குறைவே. பாறையை மாவாக அரைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தைப் பிரித்தெடுத்து ஹைதராபாத்திலுள்ள அணு எரிபொருள் வளாகத்துக்கு அனுப்புகின்றனர். எஞ்சும் குழம்பைச் சுண்ணாம்பு இட்டு நடுநிலையாக்கி, பருமணலைச் சுரங்கத்தின் வெற்றிடங்களில் நிரப்புகின்றனர். நுண்துகள்கள் குழாய் வழியே தேக்கத்துக்குச் செல்கின்றன.

யுரேனியத்தைத்தான் எடுத்துவிட்டோமே, பிறகு அபாயம் எங்கே என்று மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. யுரேனியம் சிதைந்து உண்டான தோரியம்-230, ரேடியம் போன்ற வழித்தோன்றல்கள் கழிவிலேயே தங்கிவிடுவதால், தாதுவில் இருந்த கதிரியக்கத்தின் பெரும்பகுதி கழிவோடு போகிறது. ரேடியம்-226-இன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். அதிலிருந்து ரேடான் வாயு இடையறாது வெளிப்படும். எனவே தேக்கம் நிரம்பிய பின் அதன்மீது மண் மூடி, செடிகள் வளர்த்து, கால்நடைகளும் மனிதரும் நுழையாமல் வேலியிட்டுக் காக்க வேண்டியுள்ளது.

2006 டிசம்பரில் கழிவுக் குழாய் ஒன்று உடைந்து குழம்பு அருகிலிருந்த ஓடையில் கலந்தது. முதலில் கண்டவர்கள் கிராமத்தவரே என்று அக்காலச் செய்திகள் கூறின. ஒரு குழாய் உடைவதைவிட, அதைக் கண்டறியும் பொறுப்பு ஊராரிடம் விழுந்ததே எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது.

யார் அளப்பது?

1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின்கீழ், 1983 நவம்பர் 15 அன்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. இயற்கைக் கதிர்வீச்சு நீங்கலாகப் பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். தொழிலாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20, எந்த ஓராண்டிலும் 30-ஐ மிஞ்சலாகாது என்பன அது விதித்த வரம்புகள். விதிகளில் குறையில்லை. ஆனால் வாரியம் அணுசக்தி ஆணையத்துக்குக் கட்டுப்பட்டது. ஆணையத் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளர். ஜாதுகுடாவில் காற்றையும் நீரையும் அளந்து வந்த ஆய்வுக்கூடமும் அதே துறையின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது. அளந்த விஞ்ஞானிகளின் நேர்மையை நான் ஐயுறவில்லை. எனினும் கணக்கெழுதுபவரும் தணிக்கை செய்பவரும் ஒரே மேலாளரின்கீழ் இருப்பதை வேறெந்தத் துறையிலாவது நாம் ஏற்போமா?

இதே குறையை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2012-இல் சுட்டிக்காட்டினார். 2011-இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட தனி ஆணைய மசோதா, 2014-இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே வாரியத்துக்குச் சட்டத் தகுதி அளிக்க வகை செய்தது.

நம்பிக்கை

ஜாதுகுடாவில் நோய்களும் பிறவிக் குறைகளும் மிகுதி என மருத்துவர் அமைப்பொன்றின் ஆய்வு கூறியது. துறையின் ஆய்வுகள் அதை மறுத்தன. உச்சநீதிமன்றம், ஆணையத் தலைவரின் பிரமாணப் பத்திரத்தை ஏற்று, 2004-இல் பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2014-இல் ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றம் தானாகவே இப்பிரச்சினையைக் கையிலெடுத்தது. வழக்கு முடிந்தாலும் ஐயம் முடியவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பெக்கெரல் கணக்கில் ஆங்கிலத்தில் வெளிவரும் அறிக்கையால் ஒரு சந்தால் தாய்க்கு என்ன பயன்? தன் கிணற்று நீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதே அவள் கேள்வி. அதற்கு அவள் மொழியில், கிணறு வாரியாக, விடை கிடைக்க வேண்டும். நீர் மாதிரி எடுக்கும்போது கிராமசபை உறுப்பினர் உடனிருப்பதும், பாதி மாதிரியைத் துறைசாராப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்புவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

செலவு வேறிடத்தில் இருக்கிறது. சுரங்கக் குத்தகை சில பத்தாண்டுகளுக்கு உரியது. ரேடியத்தின் கணக்கு நூற்றாண்டுகளில் ஓடுவது. தாது தீர்ந்து ஆலை மூடிய பின் தேக்கத்தின் கரையைப் பழுதுபார்க்கவும் நிலத்தடி நீரைச் சோதிக்கவும் ஆகும் தொகையை, தாது எடுக்கும் காலத்திலேயே யுரேனியத்தின் விலையில் சேர்த்துத் தனி நிதியாக ஒதுக்கினாலன்றி, அதைப் பின்னாளில் அக்கரையில் வாழ்வோரே சுமக்க நேரிடும்.